தமிழரா, முஸ்லிமா? – பிறந்த மண்ணில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி

ஜும்ஆ பயான், எழுத்து வடிவம் – மேல்சித்தாமூர்

அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலிஹில் கரீம், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஃது.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே, அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும், பிறகு உங்கள் அனைவருக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன். தனிமையிலும் கூட்டத்திலும், நமக்குப் பிடித்தவரிடமும் பிடிக்காதவரிடமும் அல்லாஹ்வைப் பயந்து நடப்போமாக!

இன்று ஒரு கேள்வியைப் பற்றிப் பேச நாடுகிறேன். நம்மில் அநேகமாக எல்லோரும் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்போம். பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரி வரிசையில், வீடு பார்க்கப் போன இடத்தில். கேட்பவர் சிரித்த முகத்தோடுதான் கேட்பார். "பாய், நீங்க தமிழா, முஸ்லிமா?"

ஒருவரைப் பார்த்து, "நீங்கள் விவசாயியா, விழுப்புரத்துக்காரரா?" என்று யாரும் கேட்பதில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். தமிழ் என்பது மொழி. இஸ்லாம் என்பது மார்க்கம். தாய் பேசியதால் ஒன்று வந்தது, கலிமாவை ஏற்றதால் மற்றொன்று வந்தது. பாட்டனுக்குப் பாட்டன் இந்த மண்ணில் அடக்கமாகியிருக்கிறார். நமக்குப் பாடிய தாலாட்டு தமிழ். ஆனாலும், "தமிழ் நல்லாப் பேசுறீங்களே பாய்!" என்று ஒரு பாராட்டு நமக்குக் கிடைக்கிறது. செஞ்சி, திண்டிவனம் பக்கம் வீட்டில் உருது பேசும் குடும்பங்களும் நம் ஜமாஅத்தில் உண்டு. அவர்களிடம் இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் கூர்மையாக வரும்.

கேட்பவர் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. பெரும்பாலோர் அறியாமையால் கேட்கிறார்கள். அதற்காக அவர்களிடம் கோபப்படுவது முஃமினுக்கு அழகல்ல. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்மானம் ஒளிந்திருக்கிறது. இந்த ஊர் என்னுடையது, நீ எங்கிருந்தோ வந்தவன், உன் கணக்கை நீதான் சொல்ல வேண்டும் என்ற தீர்மானம் அது. பிள்ளைகளுக்கு வலிப்பது அதுதான்.

கடல் கடந்தாலும் கூடவே வரும் கேள்வி

நம் பகுதியைச் சேர்ந்த ஒரு தம்பி அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் போனில் பேசினார். "ஹஜ்ரத், இங்கே ஆபீஸில் எந்த நாடு என்று கேட்பார்கள். இந்தியா என்றால் அதோடு முடிந்துவிடும். முழுப் பெயரைச் சொன்னால்தான் அடுத்த கேள்வி வரும். நம் நாட்டுக்காரர்கள் கூடுகிற இடத்திலும் அப்படித்தான். பெயரைச் சொன்னதும் ஒரு நொடி பேச்சு நின்றுபோகும். என் மகள் இங்கேயே பிறந்தவள். அவளிடமும் பள்ளியில், 'உண்மையில் நீ எந்த நாடு?' என்று கேட்கிறார்களாம். அவளுக்கு என்ன பதில் சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்டார்.

அந்த நாட்டில் இந்தக் கேள்வி எந்த எல்லை வரை போயிருக்கிறது என்பதை நாம் அறிவோம். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து நான்காவது நாள், அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் ஒருவர் தம் பெட்ரோல் பங்கின் முன்னால் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் முஸ்லிமும் அல்ல, அரபியரும் அல்ல. பஞ்சாபிலிருந்து போய்க் குடியேறிய சீக்கியர். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்தே கொன்றுவிட்டான். 2023 அக்டோபரில் சிகாகோ நகருக்குப் பக்கத்தில் ஆறு வயது பாலஸ்தீன அமெரிக்கச் சிறுவன் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். அவனுடைய தாயும் குத்தப்பட்டார். செய்தவர் வெளியாள் அல்ல, அந்தக் குடும்பம் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர். காஸா போர்ச் செய்திகளைக் கேட்டுக் கேட்டு, தன் வீட்டில் குடியிருந்த குழந்தையே எதிரியாகத் தெரிந்துவிட்டது. 2025ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்துச் சிறையில் அடைத்தது.

முதல் நிகழ்ச்சியில் கொன்றவனுக்குக் கொல்லப்பட்டவர் யார் என்று தெரியாது. முதலாமவரின் மதம் தெரியாது. இரண்டாவதில், அந்தப் பச்சிளம் பாலகன் யாருக்கு என்ன செய்தான்? ஊகங்களில் அதிகமானவற்றை விட்டு விலகுங்கள், சில ஊகங்கள் பாவமாகும் என்ற கருத்தில் ஸூரா ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். தப்பெண்ணம் ஆளைப் பார்ப்பதில்லை. தொப்பியை, தாடியை, பெயரைப் பார்த்துத் தானே ஒரு கதையை எழுதி, அந்தக் கதைக்குத் தண்டனையும் கொடுத்துவிடுகிறது.

நம் நாட்டில் பெரும்பாலும் அது மென்மையான குரலில் வரும். மதரஸா முடித்த புதிதில் சென்னையில் ஒரு பள்ளிவாசலில் பணிசெய்த காலத்தில் வாடகைக்கு வீடு பார்த்தேன். ஒரு வீட்டுக்காரர் போனில் எல்லாம் பேசி, வாடகையும் அட்வான்ஸும் சொல்லி, நேரில் வரச்சொன்னார். கடைசியில் பெயரைக் கேட்டார். பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "சைவம் சாப்பிடுறவங்களுக்குத்தான் தர்றோம்" என்றார். அவர் உணவை நினைத்துச் சொன்னாரா, பெயரை நினைத்துச் சொன்னாரா? உள்ளத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஒரு வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது என்று உண்மையிலேயே நினைப்பவர்கள் உண்டு, அதை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அவர் முதலில் கேட்டது உணவை அல்ல, பெயரை. அடுத்த வாரம், இரண்டு தெரு தள்ளி, ஓர் இந்துப் பெரியம்மா வீடு கொடுத்தார்கள். "பள்ளிவாசல்ல ஓதுறவரா? நல்லதுப்பா" என்று சாவியைக் கையில் வைத்தார்கள். முதல் வீட்டுக்காரரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இந்த அம்மாவை மறந்துவிட்டால், அது நாம் செய்கிற அநியாயம்.

முதல் வழி: மறைத்துக்கொள்வது

இப்படிக் கேள்வி வரும்போது மனிதர்கள் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றில் போய்விடுகிறார்கள். முதல் வழி, தன்னை மறைத்துக்கொள்வது.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இந்த மேல்சித்தாமூரில்தான் இருக்கிறது. பெரமண்டூர், விழுக்கம், வீடூர் என்று சுற்றிலும் நயினார் குடும்பங்கள் வாழ்கின்றன. தமிழ் பேசுகிறார்கள், நெல்லும் மணிலாவும் பயிரிடுகிறார்கள், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார்கள். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் பாறை மேல் அவர்களின் தீர்த்தங்கரர்கள் 24 பேரின் உருவங்கள் இருக்கின்றன. 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற ஆசிரியரைப் பற்றிய கல்வெட்டும் அங்கே இருக்கிறது. அது ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் பழமையானது. அவ்வளவு பழைய குடிமக்கள்! ஆனாலும் வெளியூரில் ஜைனர் என்று சொன்னால், "அப்ப நீங்க சேட்டா? ராஜஸ்தானா?" என்றுதான் கேட்கிறார்களாம். நம்மிடம் கேட்கும் அதே கேள்வி அவர்களிடமும் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

அவர்களிடையே வழிவழியாக வழங்கும் ஒரு வரலாறும் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் செஞ்சியை ஆண்ட நாயக்கர் ஒருவர் சமணர்களைக் கொடுமைப்படுத்தினாராம். உயிருக்குப் பயந்து பலர் திருநீறு பூசிக்கொண்டு சைவர்கள் போல் நடந்துகொண்டார்களாம். நீறுபூசி வேளாளர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது என்பார்கள். பிறகு தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் என்பவர் சிதறியவர்களைத் திரட்டினார் என்றும், பலர் தம் பழைய மார்க்கத்துக்குத் திரும்பினார்கள் என்றும், திரும்பாதவர்களும் உண்டு என்றும் அந்த வரலாறு சொல்கிறது.

அவர்களுடைய அகீதா வேறு, நம்முடைய அகீதா வேறு. அதில் குழப்பமில்லை. ஆனால் ஒரு மனிதன் உயிருக்குப் பயந்து தன் நெற்றியையே மாற்றிக்கொள்ளும்போது அவன் உள்ளம் படும் பாட்டை நம் மார்க்கம் நன்றாக அறிந்திருக்கிறது. அம்மார் இப்னு யாசிர் (ரலி) அவர்களை மக்காவின் குறைஷிகள் சித்திரவதை செய்து, சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லவைத்தார்கள். அவர்கள் அழுதுகொண்டு பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஓடிவந்தார்கள். நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவரின் உள்ளம் ஈமானில் அமைதி பெற்றிருந்தால் அவர் மீது குற்றமில்லை என்று ஸூரா நஹ்லின் 106ஆம் வசனம் இறங்கியது. ஃபிர்அவ்னின் குடும்பத்தில் தன் ஈமானை மறைத்து வாழ்ந்த ஒரு முஃமினைப் பற்றி ஸூரா முஃமினில் அல்லாஹ் சிறப்பித்துப் பேசுகிறான். மறைக்க வேண்டிய நிலைக்கு ஆளானவனை மார்க்கம் குற்றவாளியாக்கவில்லை. அப்படி மறைக்கவைத்தவனையே குற்றவாளியாக்குகிறது.

ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லாத இடத்தில் இது பழக்கமாகிவிடக் கூடாது. இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளை பெயரின் முதல் பாதியை மட்டும் சொல்கிறான். சாப்பாடு ஆர்டர் செய்யும்போது வேறு பெயர் கொடுக்கிறான். அமெரிக்காவில் முஹம்மது 'மோ' ஆகிவிடுகிறார். கூப்பிட வசதிக்காக ஒரு சிறு பெயர் வைத்துக்கொள்வது தவறில்லை. வெட்கத்தால் வைத்துக்கொள்வதுதான் நோய். தந்தை தன் பெயரைச் சொல்லத் தயங்குவதைப் பார்த்து வளரும் பிள்ளை, தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று படித்துக்கொள்கிறது.

இரண்டாம் வழி: நிரூபித்துக்கொண்டே இருப்பது

இரண்டாவது கூட்டம் மறைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் பரீட்சை எழுதுகிறது. நான் நல்ல முஸ்லிம், நான் நாட்டுப்பற்று உள்ளவன், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சான்றுகளை அடுக்கிக்கொண்டே இருக்கிறது.

நம் பக்கத்தில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். ஒன்று, செஞ்சிக் கோட்டையில் தேசிங்கு ராஜாவோடு சேர்ந்து போரிட்ட மகபத்கான். 1714ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படை செஞ்சிக்கு வந்தபோது, நவாபும் முஸ்லிம், மகபத்கானும் முஸ்லிம். ஆனால் மகபத்கான் தன் நண்பன் பக்கம் நின்றார். கல்யாண மேடையிலிருந்து எழுந்து போருக்கு வந்தார் என்று கதைப்பாட்டு சொல்கிறது. இருவருமே மாண்டார்கள். இன்னொரு பெயர், ராமேஸ்வரத்தின் அப்துல் கலாம். "கலாம் மாதிரி இருந்துட்டா யாரு என்ன கேக்கப்போறா?" என்பார்கள்.

இருவரும் நமக்குப் பெருமைதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மகபத்கான் தன் விசுவாசத்தை ஊருக்கு நிரூபிக்கவா போனார்? நண்பனுக்கு ஆபத்து என்று போனார். ஒப்பந்தத்தையும் நட்பையும் காப்பது முஃமினின் குணம், அதைச் செய்தார். தேசிங்கையும் பாருங்கள். அவர் வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பத்துப் பிள்ளை. பட்டத்துக்கு வந்து ஓராண்டுகூட முழுதாக ஆளவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டுத் தெருக்கூத்தும் கதைப்பாட்டும் அவரைச் சொந்தப் பிள்ளையாக எடுத்துக்கொண்டன. எந்த ஊர்க்காரர், என்ன மொழி என்று மக்கள் கேட்கவில்லை. ஆக, சொந்தமாக்கிக்கொள்ளும் மனம் இந்த மண்ணிலேயே இருக்கிறது.

கலாம் அவர்கள் தம் சுயசரிதையில் எழுதிய ஒரு நிகழ்ச்சி பலருக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் அவர் தொப்பியோடு முன் பெஞ்சில், கோயில் அர்ச்சகரின் மகனான ராமநாத சாஸ்திரியின் பக்கத்தில் உட்காருவார். புதிதாக வந்த ஓர் ஆசிரியர் அதைப் பொறுக்காமல் கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். நண்பன் கண்ணீர் விட்டான். இரண்டு பிள்ளைகளும் வீட்டில் சொன்னார்கள். ராமேஸ்வரம் கோயிலின் தலைமை அர்ச்சகரான லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு, பிஞ்சு மனங்களில் விஷத்தை விதைக்காதீர், மன்னிப்புக் கேளும், இல்லையென்றால் ஊரை விட்டுப் போய்விடும் என்று கண்டித்தார். ஆசிரியர் வருந்தித் திருந்தினார்.

இதில் நாம் கவனிக்கத் தவறுவது என்ன தெரியுமா? அன்று அந்தப் பிள்ளை ராக்கெட் விடவில்லை. பாரத ரத்னா வாங்கவில்லை. ஜனாதிபதி ஆகவில்லை. தொப்பி போட்ட ஒரு படகுக்காரரின் மகன், அவ்வளவுதான். லட்சுமண சாஸ்திரி எந்தச் சான்றும் கேட்காமலே அந்தப் பிள்ளையின் இடத்துக்காக நின்றார். முன் பெஞ்சில் இடம் கிடைக்க ஒரு பிள்ளை பிள்ளையாக இருந்தால் போதும். பிறகு அவர் சாதித்தது அல்லாஹ்வின் அருள். ஆனால் சாதிக்காத பிள்ளைக்கும் அந்த இடம் உண்டு. சைக்கிள் கடை வைத்திருப்பவருக்கும், பிரியாணி மாஸ்டருக்கும், எதுவும் சாதிக்காமல் மௌத்தாகப் போகிறவருக்கும் உண்டு. நம் பிள்ளைகளிடம் நன்றாகப் படி என்று சொல்லுங்கள், படிப்பு ஃபர்ளு. ஆனால் படித்தால்தான் நீ இந்த நாட்டுக்காரன் என்று சொல்லாதீர்கள்.

மூன்றாம் வழி: விலகிக்கொள்வது

மூன்றாவது கூட்டம் கசந்துபோய் விலகிவிடுகிறது. இவர்கள் நம்மைச் சேர்க்க மாட்டார்கள், நமக்கு இந்த ஊரும் வேண்டாம், மொழியும் வேண்டாம், மார்க்கம் மட்டும் போதும் என்று சொல்கிறது. கேட்கப் பக்தி போலத் தெரியும். ஆனால் இது பெருமானாரின் வழியா?

மக்காவாசிகள் செய்யாத கொடுமையா? ஆனாலும் ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையில் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவைத் திரும்பிப் பார்த்து, பூமியிலேயே தமக்குப் பிரியமான ஊர் அது என்றும், மக்கள் வெளியேற்றாவிட்டால் தாம் அதை விட்டுப் போயிருக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். திர்மிதியில் இது பதிவாகியிருக்கிறது. ஊரார் செய்த அநியாயத்துக்காக ஊரை வெறுக்கவில்லை. பிலால் (ரலி) அவர்களைக் கொதிக்கும் மணலில் கிடத்தியது அதே மக்கா. மதீனாவுக்கு வந்து காய்ச்சலில் கிடந்தபோது அவர்கள் ஏங்கியது மக்காவின் பள்ளத்தாக்குக்கும் அங்கே முளைக்கும் புல்லுக்கும். அந்த ஏக்கத்தை அறிந்த பெருமானார் (ஸல்) கண்டிக்கவில்லை. மக்காவைப் போலவே, அல்லது அதைவிட அதிகமாக மதீனாவையும் எங்களுக்குப் பிரியமாக்கி வை என்று துஆச் செய்தார்கள். பிறந்த ஊரின் மீது பாசம் ஈமானுக்கு எதிரல்ல. போய்ச் சேர்ந்த ஊரை நேசிக்கக் கற்றுக்கொள்வதும் சுன்னத்தான். நியூஜெர்சியில் இருக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

மொழியும் அப்படித்தான். எந்த நபியையும் அவருடைய சமுதாயத்தின் மொழியிலேயே அனுப்பினோம் என்ற கருத்து ஸூரா இப்ராஹீமில் வருகிறது. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது அல்லாஹ்வின் அத்தாட்சி என்று ஸூரா ரூம் சொல்கிறது. அதனால்தான் பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடியபோது, அரபு நாட்டைத் தமிழ்நாட்டு வயலும் ஆறும் சோலையுமாக வர்ணிக்க முடிந்தது. பாலைவனத்தில் நெல் விளையாது என்பது அவருக்குத் தெரியாதா? நம் நபியின் கதையை நம் ஊரில் நடந்தது போல் நம் ஜனங்கள் கேட்க வேண்டும் என்று நினைத்தார். தமிழரா, முஸ்லிமா என்ற கேள்விக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட பதில் அது.

மார்க்கம் காட்டும் வழி

மறைப்பது, நிரூபிப்பது, விலகுவது. மூன்றும் ஒரே தவறில் வேர்விட்டிருக்கின்றன. இடம் கொடுக்கும் அதிகாரம் எதிரே நிற்கும் மனிதனிடம் இருக்கிறது என்று மூன்று கூட்டமும் நம்பிவிட்டது. பூமி அல்லாஹ்வுடையது, தன் அடியார்களில் தான் நாடியவரை அவன் அதற்கு வாரிசாக்குகிறான் என்று மூஸா (அலை) தம் மக்களுக்குச் சொன்னதாக ஸூரா அஃராஃபில் அல்லாஹ் கூறுகிறான். வீட்டுக்காரன் ஒருவன்தான். மற்ற எல்லோரும் குடித்தனக்காரர்கள். முன்னால் குடிவந்தவர், பின்னால் குடிவந்தவர் என்ற வித்தியாசம் இருக்கலாம். ஆனால் ஒரு குடித்தனக்காரர் இன்னொருவரிடம் பத்திரத்தைக் காட்டு என்று கேட்க முடியுமா?

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம். சமணர்கள் 0.12 சதவீதம். எண்ணிக்கையை வைத்துச் சொந்தம் கொண்டாடுவதென்றால் நூற்றுக்கு ஆறு பேராக இருக்கும் நாம் பெரும்பான்மையிடம் கெஞ்ச வேண்டும், ஆயிரத்துக்கு ஒருவரைச் சற்றே தாண்டும் சமணர்கள் நம்மிடம் கெஞ்ச வேண்டும். அல்லாஹ்வின் பூமியில் அந்தக் கணக்கு செல்லாது.

ஆகவே அந்தத் தம்பியிடம் நான் சொன்னது இதுதான். மகளுக்கு எந்தச் சாமர்த்தியமான பதிலும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். "நான் இங்கேதான் பிறந்தேன். என் பாட்டி ஊர் திண்டிவனம் பக்கம். நான் தமிழ் பேசுவேன். நான் முஸ்லிம்." நான்கும் உண்மை. ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை. அதன் பிறகு, கேட்ட அந்தப் பிள்ளையின் கதையையும் கேட்கச் சொல்லுங்கள். உங்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்றும், அல்லாஹ்விடம் கண்ணியம் தக்வாவைக் கொண்டுதான் என்றும் ஸூரா ஹுஜுராத்தின் 13ஆம் வசனம் போதிக்கிறது. அறிந்துகொள்வதற்காகக் கேட்பது வேறு, தள்ளிவைப்பதற்காகக் கேட்பது வேறு. முன்னதை நாமே தொடங்கிவைக்கலாம்.

நம் ஸஃபில் நாம் என்ன கேட்கிறோம்?

ஜமாஅத்தார்களே, இதுவரை நமக்கு நடப்பதைப் பேசினோம். இனி நாம் நடத்துவதைப் பேச வேண்டும்.

நம் பகுதியில் கட்டட வேலைக்கும், ஹோட்டலுக்கும், செங்கல் சூளைக்கும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். அவர்களில் நம் சகோதரர்களும் உண்டு. சிமெண்ட் படிந்த சட்டையோடு ஜும்ஆவுக்கு ஓடிவந்து, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் கடைசி ஸஃபில் நிற்கிறார்கள். முஸாஃபஹா செய்ய எத்தனை கைகள் அவர்களிடம் நீளுகின்றன? அப்படி ஒரு குடும்பம் வாடகைக்கு வீடு கேட்டபோது, வடக்கத்தி ஆள், நம்ப முடியாது என்று ஒரு மஹல்லாவில் மறுக்கப்பட்டதாகச் சமீபத்தில் கேள்விப்பட்டேன். மறுத்தவர் தொழுகையாளி. சென்னையில் பெயரைக் கேட்டு வீடு மறுப்பதை அநியாயம் என்று சொல்லும் அதே வாய்தான் இதையும் சொல்கிறது.

இன்னும் உள்ளே போவோம். அவர் லெப்பை, இவர் பட்டாணி, அவர் உருது, இவர் தமிழ் என்று சம்பந்தம் பேசும்போது வரும் பேச்சு நமக்குத் தெரியாததல்ல. 1981ல் திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில், சாதிக் கொடுமை தாங்காமல் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியது இந்தியா முழுதும் பேசப்பட்டது. இழிவில்லாத ஓர் இடம் கிடைக்கும் என்று நம்பி வந்தார்கள். இப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைக்குப் பெண் கேட்கும்போதும், "அவங்க புதுசா வந்தவங்கதானே?" என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்விக்கும் "நீங்க தமிழா, முஸ்லிமா?" என்ற கேள்விக்கும் என்ன வித்தியாசம்?

நபித்தோழர் அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயின் பிறப்பைச் சொல்லி ஏசிவிட்டார்கள். அது பிலால் (ரலி) என்றும், கறுப்பினத் தாயைச் சொல்லி ஏசினார்கள் என்றும் சில அறிவிப்புகளில் வருகிறது. அபூதர் எவ்வளவு பெரியவர்! ஆரம்பத்திலேயே ஈமான் கொண்டவர். ஆனாலும் பெருமானார் (ஸல்) அவர்கள், உம்மிடம் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே கண்டித்தார்கள். புகாரியில் இது இருக்கிறது. தொழுகையும் நோன்பும் இருந்தும் ஜாஹிலிய்யத் ஒரு மூலையில் தங்கிவிட முடியும் என்பதற்கு இதைவிட எச்சரிக்கை வேண்டாம்.

அமெரிக்காவின் மால்கம் எக்ஸ் அவர்களை நினைத்துப் பாருங்கள். கறுப்பர் என்பதற்காகச் சிறு வயது முதல் அவமானப்பட்டவர். வெள்ளையர் எல்லோரும் தீயவர்கள் என்று மேடைகளில் பேசியவர். 1964ல் ஹஜ்ஜுக்குப் போனார். வெள்ளை நிறத்து முஸ்லிம்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டார், ஒரே ஸஃபில் தொழுதார். தம் பழைய எண்ணத்தை மாற்றிக்கொண்டதாக மக்காவிலிருந்தே கடிதம் எழுதினார். அநியாயத்துக்கு எதிரான குரலை அவர் விடவில்லை. தாம் அநியாயத்துக்கு ஆளானவர் என்பதைக் காரணமாக்கி மற்றவரைத் தப்பாக நினைக்கும் உரிமை தமக்கு இருப்பதாக மட்டும் இனி எண்ணவில்லை. மறு ஆண்டே கொல்லப்பட்டார்.

நீதிக்கு நம்மவர், அடுத்தவர் இல்லை

கடைசியாக ஒரு செய்தி. மதீனாவில் ஒரு கவச உடை திருடுபோனது. எடுத்தவன் முஸ்லிம்களோடு இருந்தவன். பழியை ஒரு யூதர் மேல் போட்டான். அவனுடைய குலத்தார் திரண்டு வந்து நம் ஆளைக் காப்பாற்றுங்கள் என்று பெருமானாரிடம் வாதாடினார்கள். அப்போது ஸூரா நிஸாவின் 105ஆம் வசனம் தொடங்கிச் சில வசனங்கள் இறங்கின. மோசடிக்காரர்களுக்காக வாதாடக் கூடாது என்றும், தான் செய்த குற்றத்தைக் குற்றமற்றவர் மேல் போடுவது பகிரங்கப் பாவம் என்றும் அல்லாஹ் தீர்ப்புச் சொன்னான். அந்த நகரில் யூதக் கோத்திரங்களோடு கசப்பு இருந்த காலம் அது. ஆனாலும் தனி ஒரு யூதரின் மானத்தைக் காப்பாற்ற வானத்திலிருந்து வஹீ இறங்கியது. கியாமத் வரை அதை நம் தொழுகையிலேயே ஓதுகிறோம். ஒரு சமூகத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற ஸூரா மாயிதாவின் கட்டளையும் இதுதான்.

ஒரு யூதரின் ஜனாஸா கடந்து போனபோது பெருமானார் (ஸல்) எழுந்து நின்றார்கள். யூதருடைய ஜனாஸா அல்லவா என்று தோழர்கள் கேட்டபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்ற பொருளில் திருப்பிக் கேட்டார்கள். சொந்தமா, அந்நியமா என்று அந்தக் கண்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

எனவே இந்த வாரத்துக்கு மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இன்று தொழுகை முடிந்ததும் கடைசி ஸஃபில் நிற்கும் வெளியூர்த் தொழிலாளி ஒருவருக்கு ஸலாம் சொல்லி, பெயரையும் ஊரையும் கேளுங்கள், அறிந்துகொள்வதற்காக. வாடகைக்கு வீடு வைத்திருப்பவர்கள், வருகிறவரின் நடத்தையையும் வாடகை கொடுக்கும் சக்தியையும் விசாரியுங்கள். சாதியையும் மாநிலத்தையும் விசாரித்து மறுக்காதீர்கள். நயினார் வீடோ, காலனி வீடோ, இருளர் குடிசையோ, அண்டை வீட்டில் நோயும் மரணமும் வந்தால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம். அண்டை வீட்டாரின் ஹக்கை அல்லாஹ் நாளை கேட்பான், அதற்காகப் போங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லும் தைரியத்தைக் கொடு. எங்களைத் தப்பாக நினைப்பவர்களின் உள்ளங்களை இளகச் செய். நாங்கள் யாரையேனும் தப்பாக நினைத்தால் எங்கள் உள்ளங்களையும் சுத்தப்படுத்து. எங்கள் ஊர்களையும், எங்கள் பிள்ளைகள் போய் வாழும் ஊர்களையும் எல்லோருக்கும் அமைதியான ஊர்களாக ஆக்கி வை. தப்பெண்ணத்துக்குப் பலியானவர்களின் குடும்பங்களுக்கு ஆறுதல் கொடு. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.